சாடியில் அடங்கிய மலை: பொன்சாய்க் கலை பற்றிய மூன்று இலக்கியத் தீர்ப்புகள்

பொன்சாய்க் கலையைப் போற்றுவோர் அதனை மனிதனும் இயற்கையும் இணங்கி நிற்கும் நிலையின் வெளிப்பாடு என்பர். இகழ்வோர், ஓங்கி வளரவேண்டிய உயிரொன்றைக் கம்பியாலும் கத்தரிக்கோலாலும் முடமாக்கும் செயல் என்பர். இவ்வழக்கு அயலார் தொடுத்த வழக்கன்று. இக்கலை தோன்றி வளர்ந்த சீனாவிலும் யப்பானிலுமே அது பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வந்துள்ளது. அவ்வழக்கின் சான்றுகளாக மூன்று இலக்கியப் படைப்புகளைக் கொள்ளலாம். யொஷிதா கெங்கோ என்னும் துறவி 1330ஆம் ஆண்டளவில் எழுதிய சுரெசுரெகுசா என்னும் உரைநடைத் தொகுப்பின் 154ஆம் பகுதி ஒன்று. ஹச்சி நொ கி என்னும் நோ நாடகம் மற்றொன்று. சீன அறிஞர் கொங் சிசென் 1839இல் எழுதிய, நோயுற்ற பிளம் மரங்களின் மனை பற்றிய சிறு கட்டுரை மூன்றாவது.

இம்மூன்றும் சாடியில் வளரும் மரத்தின் மீது தீர்ப்புக் கூறுகின்றன. ஆனால் இம்மூன்றுள் எதுவும் மலையிலிருந்து தோண்டிக் கொணரப்படும் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. யப்பானிய மொழியில் யமதோரி, அதாவது மலையிற் கொண்டது, எனப்படும் அம்மரமே பொன்சாய்க் கலையில் மிக உயர்வாக மதிக்கப்படுவது. ஆதலின் இப்படைப்புகளின் தீர்ப்பு யமதோரிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வது, இக்கலையை மதிப்பிடுவதற்கு மட்டுமன்றி அவ்விலக்கியங்களின் பார்வை எல்லைகளை அறிவதற்கும் துணைபுரியும்.

சிறு மரங்களைத் தட்டில் வளர்த்து அழகு காணும் வழக்கம் சீனாவில் தோன்றியது. தாங் அரச மரபைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறையில், கி.பி. 706 அளவில் தீட்டப்பட்ட சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டொன்றை ஏவலர் ஒருவர் ஏந்திச் செல்கிறார். யப்பானில் 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த கசுகா கொங்கென் கென்கி என்னும் ஓவியச் சுருளில் இத்தகைய தட்டு மரங்கள் இடம்பெறுகின்றன. பொன்சாய் என்ற சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்பதே பொருள். இம்மரங்கள் தனியொரு குள்ள இனத்தைச் சேர்ந்தவையல்ல என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். பரந்த நிலத்தில் நட்டால் அதே பைன் மரம் ஓங்கி வளரும். வேரைக் கட்டுப்படுத்துதல், கொப்புகளை நறுக்குதல், கம்பி சுற்றி வளைத்தல் ஆகிய இடையறாத செயல்களாலேயே அதன் சிறுமை பேணப்படுகின்றது. எனவே இக்கலையில் மனிதனின் கை ஒருபோதும் விலகுவதில்லை. அந்தக் கை செய்வது யாது என்பதே மூன்று படைப்புகளுக்கும் பொதுவான வினா.

கெங்கோ கூறும் நிகழ்ச்சி சுருக்கமானது. ஹினோ சுகெதோமோ என்னும் பிரபு மழைக்காகக் கியோத்தோ நகரின் தோஜி ஆலய வாயிலில் ஒதுங்குகிறார். கைகால்கள் முறுக்குண்டும் வளைந்தும் ஊனமுற்ற பலர் அங்கே கூடியிருக்கின்றனர். முதலில் அவர்கள் ஒவ்வொருவரும் வேறெங்கும் காணவியலாத தனித்தன்மை உடையவர் என்று அவர் வியந்து நோக்குகின்றார். சிறிது நேரத்தில் அவ்வியப்பு மறைந்து அருவருப்புத் தோன்றுகின்றது. இயல்பான, கோணலற்ற வடிவமே சிறந்தது என்ற எண்ணத்துடன் வீடு திரும்புகிறார். விசித்திரமாக வளைந்த சாடி மரங்களைத் தாம் விரும்பிச் சேர்த்தமையும் அவ்வூனமுற்றோரைப் பார்த்து இன்புற்றமையும் ஒன்றே எனக் கண்டு, அம்மரங்கள் அனைத்தையும் பிடுங்கி எறிந்துவிடுகிறார். அது தக்க செயலே என்று கெங்கோ முடிக்கின்றார்.

இரசனையின் உள்ளே ஒளிந்திருக்கும் கொடுமையை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய எழுத்து அரிது. வியப்பும் அருவருப்பும் ஒரே பார்வையின் இரு நிலைகள் என்பதைக் கெங்கோ உணர்ந்திருந்தார். அபூர்வமானதைத் தேடும் கண், தான் காண்பது ஓர் உயிர் என்பதை மறந்துவிடுகின்றது. மறந்தமையை உணர்ந்ததும் வெட்கமுறுகின்றது. இவ்வகையில் இப்பகுதி, கலை நுகர்வு பற்றிய ஓர் ஆழ்ந்த திறனாய்வு எனத் தகும்.

எனினும் இதன் குறை இதனுள்ளேயே உள்ளது. சுகெதோமோ தம் மரங்களைத் துறந்தாரேயன்றி, வாயிலில் இருந்த மனிதருக்கு எதுவும் செய்ததாக எழுத்திற் குறிப்பில்லை. அவர்கள் அவருக்கு ஒரு பாடமாகப் பயன்பட்டனர். பாடம் முடிந்ததும் மறைந்துவிடுகின்றனர். முன்னர் காட்சிப் பொருளாக நின்றவர் பின்னர் நீதிப் பொருளாகின்றனர். இரு நிலையிலும் அவர்கள் பொருளே. மேலும், எறியப்பட்ட மரங்கள் என்னாயின என்பதும் கூறப்படவில்லை. வேரறுத்துச் சாடியில் அடக்கிய மரத்தைப் பிடுங்கி எறிவது அதனை விடுவித்தல் ஆகாது, கொல்லுதலே ஆகும். ஈண்டுக் காணப்படும் துறவு, தன் கண்ணைத் தூய்மை செய்துகொள்ளும் துறவு. கருணை அதில் இல்லை.

ஹச்சி நொ கி இதற்கு நேர்மாறான நிலையிலிருந்து தொடங்குகின்றது. உறவினரால் நிலம் பறிக்கப்பட்டு வறுமையுற்ற சுனெயோ என்னும் வீரன், சனோ என்னும் ஊரில் மனைவியுடன் வாழ்கின்றான். பனி கொட்டும் இரவொன்றில் யாத்திரைத் துறவி ஒருவர் தங்க இடம் கேட்கிறார். வறுமையால் நாணி முதலில் மறுத்த சுனெயோ, பின்னர் பனியில் ஓடிச் சென்று அவரை அழைத்து வருகின்றான். தினைச் சோறு படைக்கின்றான். குளிர் மிகுந்தபோது விறகு இல்லை. செல்வ நாளில் சேர்த்த சாடி மரங்களுள் பிளம், செர்ரி, பைன் ஆகிய மூன்று மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி விருந்தினருக்குத் தீ மூட்டுகின்றான். அத்துறவி மாறுவேடத்தில் வந்த ஹோஜோ தொக்கியோரி. காமகூரா அரசின் ஆட்சியாளராக 1246 முதல் 1256 வரை விளங்கியவர். கதை வரலாறன்று, அவரைப் பற்றி வழங்கிய ஐதிகமே. பின்னர் காமகூராவுக்குப் படை திரட்டப்படுகையில், நைந்த கவசமும் மெலிந்த குதிரையுமாகச் சுனெயோ சொன்ன சொல் தவறாது வந்து சேர்கின்றான். தொக்கியோரி அவனது நிலத்தை மீட்டளித்து, எரிந்த மூன்று மரங்களுக்கு ஈடாக அம்மரங்களின் பெயர் தாங்கிய மூன்று நிலங்களையும் வழங்குகின்றார்.

இந்நாடகத்தில் மரங்களுக்கு உரிய மதிப்பு முழுமையாக அளிக்கப்படுகின்றது. அவை அற்பமானவையாயின் தியாகத்துக்குப் பொருளில்லை. ஒவ்வொரு மரத்தையும் வெட்டுமுன் சுனெயோ தயங்குவதும், அதன் மலர்க்காலத்தை நினைப்பதும் கலையின் மீதுள்ள காதலை உறுதிசெய்கின்றன. ஆயினும் இன்னொரு மனிதனின் குளிர் அக்காதலிலும் பெரிதென நாடகம் தீர்ப்பளிக்கின்றது. சுகெதோமோ மரங்களை வெறுத்து எறிந்தார். சுனெயோ நேசித்தபடியே எரித்தான். சுகெதோமோவிடம் இல்லாத கருணை சுனெயோவிடம் உண்டு.

ஆனால் நாடகத்தின் முடிவை அதன் சமூகத் தளத்தில் வைத்தே நோக்கவேண்டும். எரிந்த மரங்கள் பெயராகி, பெயர்கள் நிலமாகி, நிலம் பரிசாகின்றது. விருந்தோம்பலில் தொடங்கிய செயல் ஆண்டானுக்குக் காட்டிய விசுவாசமாக உருமாறுகின்றது. துறவி உண்மையிலேயே பெயரறியா ஏழைத் துறவியாக இருந்திருப்பின் அத்தீயின் மதிப்பு எவ்வாறு அளக்கப்பட்டிருக்கும் என்ற வினாவை நாடகம் எழுப்பவில்லை. போர்வீரர் வர்க்கத்தின் ஒழுக்க நெறி எல்லாத் தியாகத்துக்கும் கணக்கு வைத்திருந்தது என்பதையே இம்முடிவு உணர்த்துகின்றது.

கொங் சிசெனின் கட்டுரை முற்றிலும் வேறான உலகைச் சேர்ந்தது. 1792இல் பிறந்த அவர், பதவி துறந்து பீக்கிங்கிலிருந்து தெற்கே திரும்பிய 1839இல் அதனை எழுதினார். அபினி யுத்தம் மூளவிருந்த காலம் அது. நான்கிங், சூச்சோ, ஹாங்சோ ஆகிய பகுதிகளின் பிளம் மரங்கள் புகழ்பெற்றவை. வளைந்த பிளமே அழகு, நேரானதற்கு ஒயிலில்லை; சாய்ந்ததே அழகு, நிமிர்ந்ததற்குத் தோற்றமில்லை; இடைவெளி பட்டதே அழகு, அடர்ந்ததற்கு வடிவில்லை என்பது கல்விமான்களும் ஓவியர்களும் கொண்டிருந்த இரசனை. இதனை அவர்கள் வெளிப்படையாக ஆணையிட இயலாது. ஆனால் அவர்களது மறைவான விருப்பத்தை எவரோ பிளம் விற்போருக்கு எடுத்துரைக்கின்றனர். விற்போர் நேர்க்கொப்பை வெட்டிப் பக்கக்கொப்பை வளர்க்கின்றனர். இளந்தளிரைக் கிள்ளி உயிர்ப்பை அடக்குகின்றனர். உயர்ந்த விலை பெறுகின்றனர். விளைவாக அப்பிரதேசப் பிளம் மரங்கள் யாவும் நோயுற்றன. கொங் 300 சாடிகளை வாங்கி, நலமான மரம் ஒன்றும் இல்லையெனக் கண்டு மூன்று நாள் அழுது, சாடிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை நிலத்தில் நட்டு, ஐந்தாண்டில் அவற்றைக் குணப்படுத்த உறுதி பூணுகின்றார்.

சிங் அரசும் அதன் தேர்வு முறையும் அறிவாளரின் இயல்பான ஆற்றலை நறுக்கி ஒடுக்கியமையின் உருவகமாக இக்கட்டுரை வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பு பொருத்தமானதே. ஆயின் இதன் தனிச்சிறப்பு உருவகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. இரசனை எவ்வழியாகச் செயலாகின்றது என்பதை இது படிப்படியாக வகுத்துக் காட்டுகின்றது. விரும்புபவர் ஒருவர், விருப்பத்தை எடுத்துரைப்பவர் வேறொருவர், கத்தி பிடிப்பவர் இன்னொருவர். ஆதலாற் குற்றம் எவர் கையிலும் ஒட்டுவதில்லை. கெங்கோவின் பிரபு தன் கண்ணை மட்டுமே குறைகூறினார். கொங் சந்தையைக் கண்டார். அழகு பற்றிய கருத்து விலையாக மாறும் இடத்தைச் சுட்டிக்காட்டியமையே இக்கட்டுரை மற்ற இரண்டினும் கூர்மை பெற்றமைக்குக் காரணம்.

எனினும் உருவகத்தை முன்னிறுத்தும் வாசகர் மரத்தை மறந்துவிடுதல் உண்டு. முற்றிய தண்டில் உள்ள மரவியம் வளைந்த நிலையிலேயே இறுகியது. கட்டை அவிழ்த்து நிலத்தில் நட்டாலும் அது நிமிராது. நிமிர்ந்து எழுவது அதன்பின் தோன்றும் புதுத் தளிரே. ஐந்தாண்டு முடிவில் என்ன நிகழ்ந்தது என்பதைக் கட்டுரை கூறவில்லை; கொங் 1841இல் காலமானார். நோய் தீர்க்கும் மனையில் பழைய தண்டின் கோணல் அப்படியே இருக்க, அதன் மேல் நேரான இளங்கிளைகள் எழுந்திருக்கும் என்பதே தாவரவியல் தரும் விடை. உருவகத்துக்கும் இது பொருந்தாமற் போகாது. ஒடுக்கப்பட்டு முதிர்ந்தவர்களுக்கு விடுதலை காலந்தாழ்த்தியே வருகின்றது; அதன் பயன் அடுத்த தலைமுறைக்கே உரியதாகின்றது.

இனி மலையின் மரத்துக்கு வரலாம். கொங்கின் தர்க்கம் ஓர் எடுகோளின் மீது நிற்கின்றது: மரத்தின் இயல்பு நேராக வளர்வது, கோணல் மனிதனால் வந்த நோய். யமதோரி அவ்வெடுகோளை மறுக்கின்றது. உயர்ந்த மலைச் சரிவில் பாறை வெடிப்பொன்றில் முளைத்த ஜூனிப்பரை எவரும் வளைக்கவில்லை. ஆண்டுதோறும் பனியின் சுமை அதனை அழுத்தியது. உருண்டு வந்த கல் கொப்பை முறித்தது. காற்று ஒரு பக்கத்தை உலர்த்திக் கொன்றது. பிடிமண் மண்ணுள்ள வெடிப்பு அதன் வேரை ஒடுக்கியது. சாடி என்பது மனிதன் கண்டுபிடிக்குமுன்னரே மலையில் இருந்தது எனலாம். பட்டை உரிந்து வெளிறிய மரப்பகுதியின் ஓரமாக ஓடும் ஒடுங்கிய உயிர்ப்பட்டை ஒன்றே எஞ்சிய பச்சையைத் தாங்கி நிற்கும். உலர்ந்த கொப்பை ஜின் என்றும், உரிந்த தண்டை ஷாரி என்றும் பொன்சாய்க் கலைஞர் வழங்குவர். சாவும் வாழ்வும் ஒரே தண்டில் அருகருகே நிற்கும் இத்தோற்றத்தின் முன்னால், கோணல் நோய் என்ற வாதம் வலுவிழக்கின்றது. கோணலே அம்மரம் பிழைத்த வரலாறு.

ஆயின் இதனாற் கலைஞன் விடுதலை பெற்றுவிடுவதில்லை, வினா இடம்பெயர்கின்றது. வளைத்தது மனிதனல்லன் எனின், எடுத்தது யார்?

யமதோரியை எடுக்கும் முறை பொறுமையை வேண்டுவது. அரும்பு விரியுமுன் இளவேனிற் றொடக்கத்தில் தோண்டுதல் வழக்கம். நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் தண்டின் அருகே இருப்பின் மரம் பிழைக்கும். வெடிப்பின் ஆழத்துக்கு நீண்டு சென்ற வேரின் நுனியில் மட்டும் அவை இருப்பின் பெரும்பாலும் மடியும். அனுபவமுடையோர் சுற்றிலும் வேரை ஓரளவு வெட்டிவிட்டு, நுண்வேர் உட்புறம் தோன்றும்வரை ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருப்பர். கொணர்ந்தபின் நீர் தேங்காத எரிமலைக் கல்துகளில் நட்டு, சில ஆண்டுகள் வளையாது வெட்டாது விடுவர். அதன்பின்னரே கம்பி சுற்றப்படும். இத்துணை கவனத்துக்குப் பின்னரும் மடியும் மரங்கள் உண்டு. காட்சிக்கு வரும் மரம் பிழைத்த மரம். பிழையாத மரங்களுக்குக் காட்சி இல்லை.

இவ்வெடுப்பின் விளைவை யப்பானின் மலைகள் காட்டுகின்றன. ஷிம்பாக்கு எனப்படும் ஜூனிப்பர் இனத்துள் மிகச் சிறந்ததாகக் கருதப்படுவது இத்தோயிகாவாப் பகுதியின் சுண்ணக்கற் பாறைகளில் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனைத் தேடிச் செங்குத்துப் பாறைகளிற் கயிறு கட்டி இறங்கியோர் பலர். எட்டக்கூடிய மரங்கள் ஏறத்தாழ முற்றாக எடுக்கப்பட்டன. இன்று அவ்வினம் பெரும்பாலும் வெட்டுத் துண்டுகளிலிருந்து நாற்றுமேடையில் வளர்க்கப்படுகின்றது. எசோ ஸ்பிரூஸ் என்னும் ஊசியிலை மரம் குனாஷிரித் தீவின் சதுப்பு நிலங்களிலிருந்து கொணரப்பட்டது. 1945இல் அத்தீவு சோவியத் ஒன்றியத்தின் வசமானதும் அவ்வரவு நின்றது. ஓரிடத்தில் மரம் தீர்ந்தமையும், மற்றோரிடத்தில் எல்லை மாறியமையும் எடுப்பை நிறுத்தின. கலையின் அறவுணர்வு இவ்விரண்டிலும் முந்திக்கொள்ளவில்லை.

இதே காலப்பகுதியிலேயே பொன்சாய் தன்னை ஒரு கவின்கலையாக நிறுவிக்கொண்டது. 1923இன் பெரும் பூகம்பத்தின் பின் தோக்கியோவின் வளர்ப்பாளர்கள் இடம்பெயர்ந்து 1925இல் ஓமியாவில் பொன்சாய்க் கிராமத்தை அமைத்தனர். 1934இல் தோக்கியோவின் ஓவியக் கலைக்கூடத்தில் கொகுஃபு கண்காட்சி தொடங்கியது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய மண்டபத்தினுள் மரம் நுழைந்தது. மதிப்பு உயர, விலை உயர்ந்தது. விலை உயர, கயிறு நீண்டது. பின்னாளில் ஓமியாவைச் சேர்ந்த கிமுரா மசாஹிகோ மின்கருவிகளால் உலர்மரத்தைச் செதுக்கியும், தடித்த தண்டின் உள்ளைக் குடைந்து வளைத்தும் மலைமரங்களை வியத்தகு சிற்பங்களாக மாற்றியபோது, கலைஞனின் பெயர் மரத்தின் பெயருக்கு முன் வந்து நின்றது. செதுக்கியவரின் பெயர் உலகறிந்தது. பாறையில் தொங்கி அம்மரத்தை எடுத்தவரின் பெயரை அறிவோர் சிலரே. கொங் வகுத்துக் காட்டிய சங்கிலி இங்கும் உண்டு. விரும்புபவர் மண்டபத்தில் நிற்க, எடுப்பவர் கயிற்றில் நிற்கின்றார்.

இக்கலைக்குச் சார்பாகக் கூறத்தக்கதொன்று உண்டு. சாடியில் உள்ள மரத்துக்கு நாள்தோறும் நீர் வேண்டும். கோடையில் ஓரிரு நாள் தவறினாலே அது மடியலாம். எடுத்தவன் அன்றே அம்மரத்தின் ஏவலனாகின்றான். அவன் ஆயுளிலும் மரத்தின் ஆயுள் நீண்டதாகலின் அவ்வேவல் பிள்ளைகளுக்கும் மாணவருக்கும் கைமாறுகின்றது. 1625 முதல் வளர்க்கப்பட்டு, ஹிரோசிமாவில் 1945ஆம் ஆண்டின் அணுகுண்டிலும் பிழைத்த வெண்பைன் மரமொன்றை யமாகி மசாரு 1976இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கினார். குண்டிட்ட நாட்டின் தலைநகரில் அது இன்றும் உயிருடன் நிற்கின்றது. தலைமுறை தோறும் எவரோ நீர் வார்த்தமையாலேயே இது நிகழ்ந்தது. சுகெதோமோவின் துறவிலும், சுனெயோவின் தியாகத்திலும், கொங்கின் விடுதலையிலும் இந்த அன்றாட உழைப்புக்கு இடமில்லை. எறிதல், எரித்தல், உடைத்தல் ஆகியன ஒரு நாளில் முடியும் செயல்கள். நீர் வார்த்தல் முடிவதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கோணலை வைத்து இக்கலையைக் கண்டிப்பதும், இணக்கம் என்னும் சொல்லை வைத்து அதனைப் போற்றுவதும் ஒருசேரப் போதாதவை எனத் தெளிவாகும். கெங்கோ பார்வையின் கொடுமையைக் காட்டினார். நோ நாடகம் அழகுக்கு மேலான கடமையைக் காட்டியது. கொங் இரசனையின் பின்னால் இயங்கும் சந்தையைக் காட்டினார். மூவரும் மரம் சாடிக்கு வந்தபின்னரே பேசத் தொடங்கினர். நாற்றுமேடையில் வளர்ந்த மரத்தைப் பொறுத்தவரை அது போதும். பல நூறு ஆண்டு மலையில் நின்ற மரத்துக்கு அது போதாது. ஏனெனில் நாற்றை மீண்டும் வளர்க்கலாம். காற்றும் பனியும் முந்நூறு ஆண்டில் செய்ததை எந்தக் கைவினைஞனும் தன் வாழ்நாளில் திரும்பச் செய்ய இயலாது. முதுமையைப் போற்றும் கலையொன்று, போற்றும் வேகத்திலேயே முதுமையைத் தீர்த்துவிடக்கூடும் என்பதே இத்தோயிகாவாவின் பாடம்.

ஆதலின் யமதோரி ஒன்றை மதிப்பிடுவோர் அதன் தண்டு, கொப்பு, சாடி ஆகியவற்றுடன் நின்றுவிடலாகாது. அது எம்மலையில் நின்றது, அங்கே அதன் இனத்தில் எத்தனை எஞ்சியுள்ளன, எவர் கையால் எடுக்கப்பட்டது, உடன் எடுக்கப்பட்டவற்றுள் எத்தனை மடிந்தன என்ற வினாக்களும் அழகியலுக்கு உட்பட்டவையே. கண்காட்சி மண்டபத்தில் மரத்தின் இனமும் உரிமையாளர் பெயரும் எழுதி வைக்கப்படுகின்றன. மலையின் பெயரும் எடுத்தவர் பெயரும் அவற்றுடன் எழுதப்படும் நாளிலேயே, மனிதனும் இயற்கையும் இணங்கி நிற்கின்றனர் என்று இக்கலையைப் போற்றும் கூற்று உண்மைக்கு அண்மையில் வரும்.